மகளிர் கூடைப்பந்து கோச்சுக்கு எத்தனை சீசன் கொடுக்கலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொலம்பியாவாசி:
மார்ச் பிறந்தாலே எங்காவது ஒரு காலேஜ் தன் கோச்சை வீட்டுக்கு அனுப்பிய செய்தி வந்துவிடுகிறது. உடனே எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான். டான் ஸ்டேலி சவுத் கரோலினா பல்கலைக்கழக அணிக்குக் கோச்சாக வந்த முதல் சீசன், 2008-09. நான் அங்கே எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். 18,000 பேர் உட்காரக்கூடிய அரங்கில் ஷூ கீச்சிடுவது மேல் வரிசை வரை கேட்கும், அவ்வளவு காலி. எதிரணி தொடர்ந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டுப் பெரியவர் எழுந்தார். "ஒலிம்பிக்கில் ஆடிவிட்டால் போதுமா, கோச்சிங் வேறே" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். பாதி தின்ற பாப்கார்னை என் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அந்த வருஷம் 10 வெற்றி, 18 தோல்வி. எஸ்.இ.சி. என்ற எங்கள் லீக்குக்குள் 2-12. அடுத்த வருஷம் 14-15. தேசிய சாம்பியன் ஆனது 2017-ல், அவருடைய ஒன்பதாவது சீசனில். அப்புறம் 2022. 2024-ல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 38-0. பெரியவர் இன்னும் டிக்கெட் வாங்குகிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஹார்ட்ஃபோர்டுக்காரன்:
ஸ்டேலியை உதாரணம் காட்டுவது சரியில்லை சார். மூன்று ஒலிம்பிக் தங்கம், 2004-ல் அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எட்டு சீசன் கோச்சாக இருந்து பெயர் எடுத்தவர். அந்தப் பெயரே அவருக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது. பெயரில்லாத ஒருத்தி 2-12 வந்திருந்தால் இரண்டாம் வருஷமே பெட்டி கட்டியிருப்பாள்.

எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். ஜீனோ ஆரியெம்மா யூகானுக்கு (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) கோச்சாக வந்த 1985-86 சீசனில் 12-15. ஆபீஸில் ஒரு மூத்த சகா அந்தக் கால ஆட்டங்களுக்குப் போனவர். கேன்டீனில் ஒருநாள் கேட்டேன், "அப்போது யாரும் கோச்சை மாற்றச் சொல்லவில்லையா?" அவர் காபியை வைத்துவிட்டுச் சிரித்தார்: "சொல்வதற்கு ஆள் வேண்டாமா? நாங்களும் ஆட்டக்காரிகளின் அப்பா அம்மாவும்தான் உட்கார்ந்திருந்தோம்." பார்க்க ஆள் இருந்தால்தானே துரத்த ஆள் வரும்? 1991-ல் முதல் ஃபைனல் ஃபோர் (தேசிய அரையிறுதி), 1995-ல் 35-0. இன்றைக்கு டி.வி. பணம் வந்துவிட்டது, பொறுமை போய்விட்டது.

மூணாவது சீசன் அம்மா:
பெரிய அணிகளை விடுங்கள். என் மகள் ஆடியது பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு காலேஜ். கோச் வந்தபோது முந்தையவர் சேர்த்த பிள்ளைகள்தான் அணியில் இருந்தார்கள். அவரே தேர்ந்தெடுத்துக் கூட்டிவந்த முதல் செட்டில் என் மகளும் உண்டு. அந்தச் செட் மூன்றாம் வருஷம் முடிக்கும்போது அவரை அனுப்பிவிட்டார்கள். நான்காம் வருஷத்தைப் பார்க்கவே விடவில்லை.

இவளுக்கு அப்போது முட்டியில் ஏ.சி.எல். (மூட்டுத் தசைநார்) ஆபரேஷன் ஆகி சில மாதம். சொல்லிவிட்டு வரலாம் என்று போனோம். கோச் அட்டைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தில் நின்றார். கண் சிவந்திருந்தது. என் மகளைப் பார்த்ததும் அவர் கேட்டது, "இன்றைக்கு முட்டிக்கான பயிற்சி செய்தாயா?" இவள் இல்லை என்று தலையாட்டினாள். "போய் முதலில் அதைச் செய்" என்றார். இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த வாரமே பாதிப் பிள்ளைகள் வேறு காலேஜுக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்தார்கள்.

ஹூஸ்டன் ஹூப்ஸ்:
அக்கா, உங்கள் கதை வருத்தம்தான். ஆனால் "நேரம் கொடுங்கள்" என்பது இப்போது சாக்கு. லூசியானாவைப் பாருங்கள். 9-13 என்று கிடந்த எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட்) 2021-ல் கிம் மல்க்கி கோச்சாக வந்தார். முதல் சீசன் 26-6. இரண்டாம் சீசன் சாம்பியன். மேரிலாண்டிலிருந்து ஏஞ்சல் ரீஸ் போர்ட்டல் வழியாக வந்தார், கதை முடிந்தது. வேறு காலேஜுக்கு மாறினால் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும் என்ற விதி 2021-லேயே போய்விட்டது. 17 வயசுப் பெண்ணைப் பிடித்து நாலு வருஷம் வளர்க்கும் காலமெல்லாம் மலையேறிவிட்டது.

அந்த 2023 ஃபைனலுக்கு டல்லாஸ் போயிருந்தேன். எல்.எஸ்.யு. 102, அயோவா 85. என் பக்கத்தில் அயோவா மஞ்சள் பனியனில் ஒரு அம்மா. தோற்றது உறுதியான பிறகும் எழுந்து நின்று கைதட்டுகிறார். "எங்கள் கோச் லிசா 2000-லிருந்து இருக்கிறாள், இப்போதுதான் இங்கே வந்தோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. 23 வருஷம்!

ஓய்வுபெற்ற ரெஃபரி:
தம்பி, மல்க்கி கையில் பேலர் பல்கலைக்கழகத்தில் வாங்கிய மூன்று பட்டத்தோடு வந்தார். 2005, 2012, 2019. அதைப் பார்த்துதான் பெண்கள் வந்தார்கள். 9-13 அணியை ஒரு புது ஆளிடம் கொடுத்துவிட்டு ரீஸைக் கூப்பிடச் சொல்லுங்கள், வருகிறாரா பார்ப்போம். ஸ்டான்ஃபோர்டில் கோச் டாரா வாண்டெர்வீரே முதல் இரண்டு வருஷம் 13-15, 14-14. பட்டம் 1990-ல்.

பள்ளி ஆட்டங்களில் விசில் ஊதியவன் நான். இரண்டு வருஷமாக அடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்கள் அணியை ஒருநாள் நடத்தினேன். கடைசி நிமிஷம், எட்டுப் புள்ளி பின்தங்கல். கோச் டைம்-அவுட் கேட்டு, அப்போதும் பாக்ஸ்-அவுட் (பந்தை எடுக்க எதிராளியை உடம்பால் மறிப்பது) எப்படி என்று உடம்பால் இடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என் அனுபவம்.

இனி பெற்றோருக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மகளுக்கு ஆஃபர் வந்தால் கோச்சின் ஒப்பந்தம் எத்தனை வருஷம் மிச்சம் என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். ஸ்காலர்ஷிப் கடிதத்தை வரி விடாமல் படியுங்கள். கோச் போனால் அது நிற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வெற்றி-தோல்விக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். சென்ற வருஷம் 25 புள்ளியில் தோற்ற அதே அணியிடம் இந்த வருஷம் 8-ல் தோற்றால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பந்தை இழப்பது குறைகிறதா, முதல் வருஷப் பிள்ளைகள் நான்காம் குவார்ட்டரில் களத்தில் நிற்கிறார்களா, உதவிக் கோச்சுகள் வருஷா வருஷம் ஓடுகிறார்களா, இதையெல்லாம் பாருங்கள். உதவிக் கோச்சுகள் ஓடினால் நீங்களும் ஓடுங்கள். மூன்றாம் சீசனிலும் 25 புள்ளியிலேயே தோற்றால் நானே மாற்றச் சொல்வேன், அதில் பாவம் பார்க்கக் கூடாது.

கோவை கார்ட்:
நீங்கள் ஒப்பந்தம், போர்ட்டல் என்கிறீர்கள். எங்கள் காலேஜில் பி.டி. மேடம்தான் கோச், வாலிபாலுக்கும் அவரே, ஸ்போர்ட்ஸ் டே கோலத்துக்கும் அவரே. சிமெண்ட் கோர்ட்டில் சாக்பீஸால் 2-3 ஜோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நின்று தடுப்பது) வரைவார். நாங்கள் ஓடி ஓடி அழிப்போம். மறுபடி குனிந்து வரைவார். மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றதும் நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு சாரைக் கொண்டுவந்தது. அவர் 2-3 வேண்டாம், மேன்-டு-மேன், ஆளுக்கு ஆள் பிடித்து ஆடுங்கள் என்றார். அதற்கடுத்த வருஷம் வந்தவர் மறுபடி 2-3 என்றார்.

ஹூஸ்டன் ஹூப்ஸ்:
ரெஃபரி ஐயா, பேலரில் மல்க்கிக்குக் கிடைத்ததும் 7-20 அணிதான். அப்போது அவர் தலைமைக் கோச்சாகப் புது ஆள். முதல் வருஷமே என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார். இதற்கு என்ன சொல்வீர்கள்?

ஓய்வுபெற்ற ரெஃபரி:
ஒரு மல்க்கிதான் இருக்கிறார் என்று சொல்வேன்.

மூணாவது சீசன் அம்மா:
ஐயா, ஆலோசனைக்கு நன்றி, என் மகள் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். ஒன்று சொல்ல விட்டுப்போனது. அவளுடைய கோச்சுக்குப் பிறகு வந்தவரும் மூன்று சீசனில் தோற்றதுதான் அதிகம். அவருக்கு இரண்டு வருஷம் நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். "அணி உருவாக நேரம் வேண்டும்" என்று அறிக்கையில் போட்டிருக்கிறார்கள்.