"என்ன வலிக்கணும்?" என்றார் அப்பா: நகச்சொத்தையும் இனிப்புநீரும்

உட்லண்ட்ஸ் மகள்:
மூன்று மாதமாக மனதைக் குடைகிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். அப்பாவுக்கு 19 வருடமாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். காவலர் வேலை, தினமும் 12 மணி நேரம் பூட்ஸுக்குள் கால். பூஞ்சை பிடித்து நகம் மஞ்சளாகத் தடித்துப்போகுமே, அந்த நகச்சொத்தைதான் அவருக்கு.

அன்று காலை வீடு துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தரையில் சிவப்புப் பொட்டுகள். குசினியில் தொடங்கி, சாமி மேடைக்குப் போய், அங்கிருந்து நாற்காலி வரை. குங்குமம் சிந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். துடைத்தால் இழுபடுகிறது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா கால்மேல் கால் போட்டு தமிழ் முரசு நாளிதழ் படிக்கிறார், விரல் நுனியில் அடுத்த சொட்டு தொங்குகிறது. தடித்த பெருவிரல் நகம் பக்கத்து விரலைக் கிழித்திருக்கிறது. "வலிக்கலையாப்பா?" என்றேன். "என்ன வலிக்கணும்?" என்றார்.

பாத மருத்துவர் நகத்தை ராவி மெலிதாக்கியபோது அதற்கடியில் இன்னொரு புண். எத்தனை நாளாக இருந்ததோ.

தெக்கா பேத்தி:
எங்கள் அம்மாவுக்கும் இதே கதை. தீபாவளிக்குத் தீபாவளி கால் நகத்துக்கும் மருதாணி வைத்துக்கொள்வார், அதனால் நிறம் மாறியது யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு மறக்காதது பலதுறை மருந்தகத்தில் நடந்த பாதப் பரிசோதனை. கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலான் இழையால் அங்கங்கே தொட்டார்கள், தொட்டால் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். அம்மா வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று தாதியிடம் கேட்டார். அதற்குள் இரண்டு காலும் முடிந்திருந்தது.

பழைய கப்பல்காரன்:
இதற்குப் போய் மாத்திரை விழுங்காதீர்கள், ஈரல் போய்விடும். நான் வெந்நீரில் வினிகர் கலந்து தினமும் அரை மணி நேரம் காலை ஊறவைத்தேன், ஒரு வருடத்தில் நகம் சுத்தம். எனக்கு இனிப்புநீர் கிடையாது. ஆனாலும் நகம் நகம்தானே?

வார்டு அக்கா:
கப்பல்கார அண்ணன், கோபிக்காதீர்கள், நகம் நகம்தான், கால்தான் வேறு. வெந்நீரில் கால் வைத்துக் கொப்புளத்தோடு வந்த ஒரு தாத்தாவை நானே பார்த்திருக்கிறேன். சூடு தெரியவில்லை அவருக்கு. பேரன் வந்து பார்த்துத்தான் காலை வெளியே எடுத்திருக்கிறான். என் கதை அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் மீதியையும் சொல்லிவிடுகிறேன். நரம்பு மரத்த காலுக்கு நகம் குத்துவது தெரியாது. அந்தச் சின்னக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகும், சர்க்கரை கூடியிருந்தால் புண் ஆறாது, ரத்த ஓட்டமும் குறைவு என்றால் விரலையே எடுக்கும் நிலை வரலாம். மாத்திரை என்றால் பெரும்பாலும் டெர்பினாஃபைன், 250 மில்லிகிராம், கால் நகத்துக்குத் தினம் ஒன்றாக 12 வாரம். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அண்ணன் பயப்படுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இல்லை. இட்ராகோனசோல் என்று இன்னொன்று உண்டு, கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் அதைச் சேர்த்துச் சாப்பிடக்கூடாது. நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் கொழுப்பு மாத்திரைக்காரர்கள், அதனால் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிளேடால் நகத்தைச் சீவ விடாதீர்கள். குளித்ததும் விரல் இடுக்கை ஒற்றித் துடைக்க வேண்டும், அங்கே மட்டும் கிரீம் பூசக்கூடாது, ஊறிப்போகும். வீட்டுக்குள்ளும் செருப்பு. சாமி அறைக்குச் செருப்பா என்று சண்டை வரும், அதற்கு மட்டும் சுத்தமான காலுறை மாட்டிவிடுங்கள். பூட்ஸை மாட்டும் முன் உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டக்காரன்:
அக்கா சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. மஞ்சளாகத் தடித்ததெல்லாம் பூஞ்சை இல்லை. நான் எட்டு மாதம் மருந்துச் சாயம் பூசினேன். கடைசியில் நகத்தை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினால் பூஞ்சையே இல்லையாம், ஓடும்போது காலணி இடித்து இடித்துத் தடித்த நகம். முதலில் சோதனை, அப்புறம் மருந்து.

பழைய கப்பல்காரன்:
சரி, வெந்நீர் வேண்டாம். வினிகரை நான் விடுவதாக இல்லை.

உட்லண்ட்ஸ் மகள்:
அப்பாவுக்குச் சோதனை செய்துதான் மருந்து ஆரம்பித்தார்கள், பூஞ்சைதான். விரலில் இருந்த கீறல் ஆறிவிட்டது, நகத்துக்கடியில் இருந்ததற்கு இன்னும் கட்டு மாற்றப் போகிறோம். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளருமாம், முழுதாக மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும் என்றார்கள். இப்போது அடியில் பிறை மாதிரி ஒரு கீற்று சுத்தமாக வந்திருக்கிறது. வார்டு அக்கா, நீங்கள் சொன்னபடி நேற்று பூட்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு பேனா மூடி இருந்தது. ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.