இந்த நீலவெள்ளை ஜாடியில் ஆமை மேல் நிற்பவர் யார்?
வணக்கம், சீனப் பீங்கான் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

சிங்கப்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய ஜாடி இது. ஒரு சாண் உயரம். ஒரு பக்கம் புடைத்த நெற்றியும் நீண்ட தாடியுமாக ஒரு கிழவர், கையில் பீச் பழம், அருகில் மான். இவர் ஆயுள் தரும் ஷோ சிங், அதில் சந்தேகமில்லை. தென்வானத்துக் கனோபஸ்தான் அவர். நாம் அகத்தியர் என்கிறோமே, அதே நட்சத்திரம்! (அங்கேயும் தாடிக்காரர்தான்.)

மறுபக்கம்தான் குழப்பம். பேய் முகம், கையில் தூரிகை, ஒற்றைக் காலைத் தூக்கியபடி ஆமைத்தலை மேல் நிற்கிறார். சப்தரிஷி மண்டலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் தேர்வுத் தெய்வம் குய் சிங்கா? தலைக்கு மேல் கோடு போட்டு இணைத்த மூன்று புள்ளிகள். குய் என்பது அந்த மண்டலத்தின் கிண்ணம் போன்ற நாலு நட்சத்திரங்கள்; இங்கே நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் மேல்பூச்சு நகக்கண் அளவு பெயர்ந்திருக்கிறது.

அடியில் மிங் வம்சத்துப் பேரரசர் செங்குவாவின் ஆறெழுத்து ஆட்சி முத்திரை. அதை நம்பி 1465-87 என்று குதிக்க மாட்டேன். பின்னால் வந்த பேரரசர் காங்ஸி காலத்திலும் (1662-1722) அதற்குப் பிறகும் அதைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் மட்டும் "மிங்"கேதான் என்று சத்தியம் செய்தார்.

அடிவளையத்தையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டா, போன வருஷத்துச் சரக்கா? பார்த்துச் சொல்லுங்கள்.