மாறாத எக்செல் படிவத்தில் பவர் பிஐ எண்களைத் தாமாக வரவழைப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பொருள் விநியோக நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்கள் விற்பனை விவரங்கள் அலுவலகத்திலுள்ள எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்திலிருந்து, அலுவலகக் கணினியை இணையச் சேவையோடு இணைக்கும் கேட்வே மென்பொருள் வழியாக, மைக்ரோசாப்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐயில் உள்ள மாடலுக்கு (அறிக்கைகளுக்கு அடிப்படையான தரவுத் தொகுப்புக்கு) செல்கின்றன. ஆனால் நிர்வாகம், கிளைகள் இடப்பக்கமும் விற்பனை, வசூல், நிலுவை ஆகியவை மேலேயும் அமைந்த பழைய எக்செல் படிவத்தையே தினமும் காலையில் கேட்கிறது. அதனால் பவர் பிஐ அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துத் தட்டச்சு செய்கிறோம். அந்த மாடலை எக்செலில் பிவட் டேபிளாக (தரவைத் தானாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணையாக) இணைத்தும் பார்த்தோம். எண்கள் சரியாகவே வருகின்றன. ஆனால் ரெஃப்ரெஷ் செய்தவுடன் நெடுவரிசைகளின் அகலம் மாறுகிறது, அந்த மாதம் விற்பனையே இல்லாத கிளை மறைந்துவிடுகிறது, நடுவில் எங்கள் குறிப்புகளை எழுத இடமும் இல்லை. படிவம் குலையாமல் எண்கள் மட்டும் மாறும்படி செய்ய இயலுமா?

முதல் பதில்

இயலும். நீங்கள் அமைத்த பிவட் டேபிளை அழித்துவிடாதீர்கள். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். விற்பனை இல்லாத கிளைகளும் தெரியும்படி அதன் ஆப்ஷன்ஸ் பகுதியில் மாற்றிக்கொண்டு, மாதத்தை ஃபில்டர் பகுதியில் வையுங்கள். பிறகு பிவட் டேபிள் அனலைஸ் பட்டையில், ஓலாப் டூல்ஸ் என்பதற்குள் இருக்கும் ‘கன்வர்ட் டு ஃபார்முலாஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். கிளைப் பெயர்கள் மாடலிலிருந்து பெயரை எடுக்கும் க்யூப்மெம்பர் ஃபார்முலாக்களாகவும், எண்கள் மாடலிலிருந்து மதிப்பை எடுக்கும் க்யூப்வேல்யூ ஃபார்முலாக்களாகவும் மாறிவிடும். அப்போது தோன்றும் பெட்டியில், ஃபில்டரையும் ஃபார்முலாவாக மாற்றும் கட்டத்தில் டிக் போட வேண்டாம். அப்படி விட்டால்தான் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தொடர்ந்து வேலை செய்யும்.

இனி ஒவ்வொரு எண்ணும் தனித்தனி செல்லில் உள்ள சாதாரண ஃபார்முலாதான் என்பதால், அவற்றை உங்கள் படிவத்துக்குள் நகர்த்தலாம், நடுவில் வரிசை சேர்க்கலாம், வண்ணம் தீட்டலாம். நகர்த்தும்போது காப்பி செய்யாமல் கட் செய்து ஒட்டுங்கள். அப்போதுதான் ஃபார்முலாக்கள் குறிப்பிடும் செல்கள் பிசகாது.

ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மதிப்பே இல்லாத இடத்தில் க்யூப்வேல்யூ பூஜ்ஜியத்தைத் தராது, வெற்று எழுத்துச் சரத்தையே தரும். அந்தச் செல்லைக் கூட்டல் குறியிட்டு இன்னொன்றுடன் கூட்டினால் வேல்யூ என்ற பிழை வரும். சம் ஃபார்முலாவைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன முறை சரியானது. நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதை நேரடி எண் என்று நிர்வாகத்திடம் சொல்லும் முன் கொஞ்சம் நிதானியுங்கள். எக்செலில் ரெஃப்ரெஷ் அழுத்தினால், அது பவர் பிஐ மாடல் வரை மட்டுமே போகும். உங்கள் சர்வர் வரை போகாது. தரவின் நகலை மாடலிலேயே சேமிக்கும் இம்போர்ட் முறையில் அமைந்த மாடல் என்றால், புரோ உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறையும், பிரீமியத்தில் 48 முறையும் மட்டுமே ரெஃப்ரெஷ் அட்டவணை போட முடியும். கேட்வே இயங்கும் கணினி இரவில் அணைந்துவிட்டால், காலையில் எக்செல் எந்தப் பிழையும் காட்டாமல் முந்தைய நாள் எண்களையே ஒழுங்காகக் கொண்டுவந்து தரும். பிழைச் செய்தி வந்தாலாவது யாரேனும் விசாரிப்பார்கள். பழைய எண் அமைதியாக வந்து நின்றால், அதை நம்பியே சரக்கு அனுப்பவும் கடன் தரவும் முடிவெடுத்துவிடுவார்கள். எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான்.

ஆகவே, ரெஃப்ரெஷ் நடந்த நேரத்தைப் பதிவு செய்யும் ஒரு சிறிய டேபிளை மாடலிலேயே சேர்த்து, அதன் மீது ஒரு மெஷர் (மாடலில் எழுதும் கணக்கீடு) எழுதி, படிவத்தின் தலைப்புக்கு அருகில் க்யூப்வேல்யூ மூலம் காட்டுங்கள். உலகப் பொது நேரத்தை எடுத்து, இந்திய நேரம் கிடைக்க அதோடு 5 மணி 30 நிமிடத்தை நீங்களே கூட்டிவிடுவது நல்லது. உள்ளூர் நேரம் என்று கேட்டால், பவர் பிஐ சேவை பொது நேரத்தையே தந்துவிடக்கூடும்.

மூன்றாம் பதில்

அனுமதி பற்றிச் சுருக்கமாக. ஷீட்டை ரெஃப்ரெஷ் செய்பவருக்கு அந்த மாடலின் மீது பில்ட் அனுமதி (மாடலின் தரவை நேரடியாகப் பயன்படுத்தும் அனுமதி) வேண்டும். அறிக்கையைப் பார்க்கும் அனுமதி மட்டும் போதாது. கிளை மேலாளர் தம் கிளையை மட்டும் பார்க்கும்படி மாடலில் கட்டுப்பாடு வைத்திருந்தாலும், நீங்கள் ரெஃப்ரெஷ் செய்த கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், அதில் தெரியும் எல்லாக் கிளைகளின் எண்களும் அவருக்குப் போய்விடும். அவர் தம் கணக்கில் ரெஃப்ரெஷ் செய்யும்போதுதான் அந்தக் கட்டுப்பாடு செயல்படும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஃபார்முலாவாக மாற்றிவிட்டோம், படிவம் அசையாமல் நிற்கிறது. ரெஃப்ரெஷ் நேரத்தையும் தலைப்பில் சேர்த்துவிட்டோம். அடுத்த மாதம் புதிய கிளை ஒன்று திறக்கப்படுகிறது. அது தானாகப் படிவத்தில் சேருமா?

முதல் பதில் எழுதியவர்

சேராது. பிவட் டேபிள் புதிய கிளையைத் தானே கொண்டுவந்திருக்கும். நிலையான படிவத்தில் நீங்கள்தான் ஒரு வரிசை சேர்த்து, க்யூப்மெம்பரில் புதிய கிளையின் பெயரை எழுத வேண்டும். அதுவரை விடுபட்டது தெரிய, மொத்தத் தொகையைக் கிளைகளைக் கூட்டிப் பெறாமல், கிளை குறிப்பிடாத ஒரு க்யூப்வேல்யூ மூலம் மாடலிலிருந்தே எடுங்கள். அதற்கும் கிளைகளின் கூட்டுத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்துச் செல்லில் வைத்து, அது பூஜ்ஜியமாக இல்லாதபோது சிவப்பாக மாறும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டுவிடுங்கள்.