மறு: ரோட்வொர்த்தினஸ்: 'சாலைத் தகுதி'யா, 'ஓடுதகுதி'யா?

குழுவினருக்கு வணக்கம்.

நான் கேட்டது ஒரே ஒரு சொல்: வாகனம் சாலையில் பாதுகாப்பாக ஓடத்தக்க நிலையில் இருப்பதை ஆங்கிலத்தில் 'ரோட்வொர்த்தினஸ்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன? அதற்கு இத்தனை மறுமொழிகள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு என் கருத்தைத் தொகுத்து எழுதுகிறேன். இடையில் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டி, வாடகை வண்டி, பள்ளி வேன் வைத்திருப்பவர்கள் தங்கள் வாகனத்தை எங்கே கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும், அங்கே என்னென்ன பார்ப்பார்கள், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று விளக்கும் சிறு வழிகாட்டி ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதன் முதல் பத்தியிலேயே 'ரோட்வொர்த்தினஸ்' வந்து நின்றுவிட்டது.

> அரசு ஏற்கெனவே 'தகுதிச் சான்று' என்று எழுதுகிறதே, அதையே எடுத்துக்கொண்டால் போயிற்று. புதிதாக ஏன் ஒரு சொல்?

இந்தக் கேள்வியை மூவர் எழுப்பியிருப்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். 'தகுதிச் சான்று' தாளின் பெயர். அந்தத் தாள் வாகனத்தின் எந்த நிலைக்குச் சாட்சி சொல்கிறதோ அந்த நிலைக்குத்தான் நமக்குப் பெயர் இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று அலுவலகத் தமிழ் நினைக்கலாம். வண்டி ஓட்டுபவர் அப்படி நினைப்பதில்லை.

என் தம்பி 'குட்டியானை' என்று அழைக்கப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று வைத்திருக்கிறான். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கான சோதனைக்கு, முந்தைய வாரம் முழுவதும் அது பட்டறையில் கிடக்கும். டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, பின்னால் சிவப்பு ஒளிர்பட்டையைப் புதிதாக ஒட்டிக்கொண்டு புதுமாப்பிள்ளை போல மைதானத்துக்குப் போகும். அங்கே வரிசையில் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சிறிது தூரம் ஓடவிட்டுப் பிரேக்கை அழுத்தச் சொல்லி, சக்கரம் எங்கே பிடிக்கிறது, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஆய்வாளர் பார்ப்பார். மோட்டார் வாகன ஆய்வாளர் என்ற அவருடைய பதவிப் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். கலைச்சொல்லாக்கத்தில் நம்மைவிட ஊர் கெட்டிக்காரத்தனமானது என்பதற்கு இந்தப் பெயரே போதும். சென்ற முறை தம்பி பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நண்பனுடைய டயர்களை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போனான். வண்டி தேறியது. மாலையில் அவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய வழுக்கை டயர்களை மாட்டும்போது, "எஃப்.சி. இருக்கு, கண்டிஷன்தான் இல்லை" என்றான். அவன் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நாம் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த வேறுபாட்டை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். பேச்சுத் தமிழில் தாளுக்கு 'எஃப்.சி.', நிலைக்கு 'கண்டிஷன்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்துத் தமிழ் இரண்டையும் 'தகுதி' என்ற ஒரே பைக்குள் போட்டு வைத்திருக்கிறது.

சட்டமும் தம்பியின் பக்கம்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு சான்றைப் பற்றிப் பேசுகிறது. சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் (லாரி, வாடகை வண்டி போன்றவை) முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது என்கிறது. பாதுகாப்பற்ற நிலையில் உள்ள வாகனத்தை ஓட்டுவதை 190-ஆவது பிரிவு தனிக் குற்றமாக்குகிறது. குறை இருப்பது தெரிந்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் அது குற்றமே. கையில் செல்லுபடியாகும் சான்றை வைத்துக்கொண்டே 190-இல் மாட்டிக்கொள்ள முடியும். இதை 'தகுதிச் சான்று உள்ள தகுதியற்ற வாகனம்' என்று வழிகாட்டியில் எழுதினால் படிப்பவர் எங்களுக்குத்தான் தகுதியில்லை என்று நினைப்பார்.

லண்டனிலிருந்து எழுதும் நண்பர், பிரிட்டனின் கட்டாய வாகனச் சோதனையான எம்.ஓ.டி.யை (மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட், அதாவது போக்குவரத்து அமைச்சகம் என்பதன் சுருக்கம்) நினைவூட்டியது மிகவும் உதவியது. 1960-இல் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று தொடங்கி, பின்னர் மூன்று ஆண்டு ஆன வண்டிகள் வரை கீழிறங்கிய சோதனை அது. அதை நடத்திய அமைச்சகத்தின் பெயர் மாறிப் பல காலம் ஆகியும் சோதனையின் பெயர் மட்டும் மாறாமல் நிற்கிறது, நம் எஃப்.சி.யும் இப்படித்தான் நிலைக்கப் போகிறது என்று தோன்றுகிறது. அந்நாட்டு அரசு, சோதனையில் தேறியதால் அந்தச் சான்றுக் காலம் முழுவதும் வண்டி ஓடத்தக்க நிலையில் இருக்கும் என்று பொருளில்லை எனத் தெளிவாகவே சொல்கிறது. 2018 மே 20 முதல் குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று பிரித்தும் எழுதுகிறார்கள். ஆபத்தான குறை கண்டுபிடிக்கப்பட்டால், பழைய சான்றுக்கு இன்னும் நாள் மீதமிருந்தாலும் அந்த வண்டியை ஓட்டக்கூடாது. ஆகவே தாள், நிலை என்ற பிரிவு நம் ஊர்த் தந்திரத்தால் மட்டும் உண்டானதன்று. அது பொருளிலேயே இருக்கிறது.

இனிச் சொற்களுக்கு வருவோம். அதிக ஆதரவு பெற்றது 'சாலைத் தகுதி'. எனக்கும் முதலில் அதுவே பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்து நண்பரின் இந்தக் குறிப்பைப் பார்த்தபின் கைவிட்டேன்:

> எங்களுக்கு ரோடு என்பது வீதி. சாலை என்றால் பஸ் டிப்போ. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் 'யாழ். சாலை' என்று செய்தித்தாள்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'சாலைத் தகுதி' என்று எழுதினால், டிப்போவில் விடுவதற்குத் தகுதியான பஸ் என்றுதான் இங்குள்ளவர் விளங்கிக்கொள்வார்.

'வீதித் தகுதி' என்று மாற்றினால் தமிழ்நாட்டில் அது தேரோடும் வீதியை நினைவூட்டும். இரு கரைகளிலும் ஒரே பொருள் தரும் சொல் கிடைக்கும்போது ஒரு கரைக்கு மட்டும் செல்லுபடியாகும் சொல்லை ஏன் எடுக்க வேண்டும்? அதனால் பாதையை விட்டுவிட்டு, பாதையில் வண்டி செய்யும் வினையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஓடுகிறது. எனவே 'ஓடுதகுதி'.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. 'ஓடு' என்றதும் கூரை ஓடும் மண்டை ஓடும் நினைவுக்கு வரும் என்பது முதலாவது. 'ஓடுதளம்', 'ஓடுபாதை' என்று எழுதும்போது யாருக்கும் கூரை நினைவுக்கு வரவில்லை, இதிலும் வராது. அவை போலவே இதுவும் வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 'ஓடுத்தகுதி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் தவிர்க்க வேண்டும். இரண்டாவது மறுப்பு கனமானது:

> ஓட்டை வண்டியும் ஓடத்தானே செய்கிறது? ஓடுவதால் தகுதி வந்துவிடுமா?

உண்மைதான். ஆனால் சொல்லின் பாரத்தை 'ஓடு' சுமக்கவில்லை, 'தகுதி' சுமக்கிறது. ஓட முடியுமா என்பது எஞ்சினைப் பற்றிய கேள்வி. ஓடலாமா என்பதே நம் கேள்வி. தகு என்ற வேரில் இந்த 'லாமா' இருக்கிறது. நம்பத்தக்க, குறிப்பிடத்தக்க என்று சொல்லும்போது முடியும் என்பதைத் தாண்டி, அது முறை என்ற பொருளும் கூடவே வருகிறது. பெயரடையாக வேண்டிய இடங்களில் 'ஓடத்தக்க வாகனம்' என்று எழுதலாம். எதிர்மறைக்கு 'ஓடத்தகாத' என்பதும் இலக்கணப்படி சரியே. ஆனால் தமிழில் 'தகாத' என்றதும் மனம் வேறு திசைக்குப் போய்விடுவதால் 'ஓடுதகுதியற்ற' என்றே எழுதியிருக்கிறேன். 'ஓட்டத்தகவு' என்ற பரிந்துரை அழகாக இருந்தாலும், 'தகவு' இயற்பியல் நூல்களில் விகிதத்துக்குப் போய்விட்டதால் அதை எடுக்கவில்லை.

இதனால் சான்றின் பெயரும் தெளிவாகிவிடுகிறது. அரசு ஆவணத்தைக் குறிப்பிடும் இடத்தில் 'தகுதிச் சான்று' என்றே இருக்கட்டும். அந்தச் சான்றின் படிவமான படிவம் 38-ஐக் கையில் வைத்திருப்பவரைக் குழப்பக்கூடாது. விளக்கம் தரும் இடங்களில் 'ஓடுதகுதிச் சோதனை', 'ஓடுதகுதிச் சான்று' என்று எழுதலாம். வெறும் 'தகுதித் தேர்வு' என்று எழுதவே கூடாது. அப்படி எழுதி இணையத்தில் தேடிப் பார்த்தேன். லாரிக்காரரை ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத அனுப்பிவிடுவோம்.

கால அளவுகளைச் சொல்லும் பத்தியிலும் இந்தப் பிரிவு பயன்படுகிறது. புதிய போக்குவரத்து வாகனத்துக்கு முதல் இரண்டு ஆண்டுகள், எட்டு ஆண்டு வயதாகும் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் என்பது 2018 திருத்தத்துக்குப் பிந்தைய விதி. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு சோதித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இவையெல்லாம் சான்றின் ஆயுள். 15 ஆண்டு யாரும் கூப்பிடவில்லை என்பதற்காகக் காரின் ஓடுதகுதி 15 ஆண்டு நீடிக்கிறது என்று பொருளில்லை. இந்த வாக்கியத்தைப் பழைய சொற்களில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. சிங்கப்பூரில் கார் மூன்று ஆண்டானதும் சோதனைக்குப் போக வேண்டும். பத்து ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும். அங்குள்ள நண்பர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

இடத்தின் பெயர்தான் என்னை மிகவும் படுத்தியது. 'வாகன ஆய்வு மையம்' என்றால் வாகனத்தைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கும் இடம் போல இருக்கிறது. 'சோதனைச் சாவடி' காவல்துறைக்குப் போய்விட்டது. 'வாகனப் பரிசோதனை நிலையம்' என்பது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பெட்ரோல் பங்கின் ஓரத்தில் நிற்கும் புகைப் பரிசோதனை வேன் அந்தப் பலகையை ஏற்கெனவே மாட்டிக்கொண்டுவிட்டது. அங்கே கிடைப்பது மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று மட்டுமே. அதை வாங்கிவிட்டு எஃப்.சி. முடிந்தது என்று நினைப்பவர் உண்டு. 'ஓடுதகுதிச் சோதனை நிலையம்' என்று முழுமையாக எழுதுவதே பாதுகாப்பு. நீளம்தான், ஆனால் தேடி வருபவர் தவறான வாசலில் நிற்கமாட்டார்.

> மத்திய அரசின் புதிய நிலையங்களுக்குத் 'தானியங்கிச் சோதனை நிலையம்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. இதை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. 2021 செப்டம்பரில் வெளியான விதிகள் இந்த நிலையங்களுக்கு வழிவகுத்தன. கனரக வாகனங்களை இவற்றில்தான் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயத்துக்கு முதலில் 2023 ஏப்ரல் 1 என்று நாள் குறிக்கப்பட்டு, பிறகு 2024 அக்டோபர் 1 வரை தள்ளிவைக்கப்பட்டது. நிலையம் தானாக இயங்குவதில்லை. ஆட்கள் இருக்கிறார்கள், சிலவற்றைக் கண்ணால்தான் பார்க்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், சக்கரத்தை உருளைமேல் ஏற்றிப் பிரேக்கின் விசையைக் கருவி அளக்கிறது, முகப்பு விளக்கின் ஒளியைக் கருவி அளக்கிறது, அளவு நேரே கணினிக்குப் போகிறது. பிரேக் இன்ஸ்பெக்டரின் கால் அனுபவத்துக்கு அங்கே வேலையில்லை. ஆகவே 'கருவிவழிச் சோதனை நிலையம்'. இந்த நிலையங்களை நடத்துபவர் வாகனப் பழுதுபார்ப்போ விற்பனையோ செய்யக்கூடாது என்பதும் விதி. பிரிட்டனில் இதற்கு நேர்மாறாக, மூன்று வெள்ளை முக்கோணம் போட்ட நீலப் பலகை பெரும்பாலும் பழுதுபார்க்கும் கராஜ்களின் வாசலிலேயே தொங்கும். அதனால் 'சோதனைப் பணிமனை' என்ற பரிந்துரை அங்கே பொருந்தும், இங்கே பொருந்தாது.

முடிவுகளுக்குத் 'தேர்ச்சி', 'தோல்வி' என்று வரைவில் இருந்ததைத் 'தேறியது', 'தேறவில்லை' என்று மாற்றிவிட்டேன். "இந்த வண்டி தேறுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நோயாளிக்கும் மாணவருக்கும் பொதுவான அந்தச் சொல் வண்டிக்கும் அழகாகப் பொருந்துகிறது. மறுசோதனையிலும் தேறாத வண்டியை 'ஆயுள் முடிந்த வாகனம்' என்று அறிவிக்க 2021 விதிகளில் இடமுண்டு. அதற்குப் பக்கத்திலேயே, காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறேன். ஆசிரியர் குழு வெட்டினால் நான் போராடுவேன்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. வண்டி தேறிவிடுகிறது, ஆனால் முன்டயர் தேய்ந்து வருகிறது, சீக்கிரம் மாற்றுங்கள் என்று சோதிப்பவர் தாளில் எழுதித் தருகிறார். எம்.ஓ.டி.யில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. 'அறிவுரை' என்றால் பள்ளிக்கூட வாடை அடிக்கிறது. 'எச்சரிக்கை' என்றால் வண்டி தேறவில்லை போலத் தோன்றுகிறது. 'கவனக்குறிப்பு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். 'கவனக்குறைவு' என்று வேகமாகப் படித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கிறது. வரைவு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் மேலான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து