தாய்மாமன் மடி

பெரியம்மா: எல்லாரும் இருக்கிறீர்களா? அருண் ஆடுகிற ஃபுட்பால் கிளப்பில் அவனையே டீமை நடத்துகிற மேனேஜராக இருக்கச் சொல்கிறார்களாம். ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். டீச்சர் வேலையை விட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

சித்தி: வாழ்த்துகள் கண்ணா

பெரியப்பா: வாழ்த்து எதற்கு?

சேகர் மாமா: அக்கா, பயப்படாதே. வட இங்கிலாந்தில் எங்கள் பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊர் ஆக்ரிங்டன். அங்கே ஜான் கோல்மன் என்று ஒருவர் இருந்தார். லிவர்பூல் பக்கம் கிர்க்பிக்காரர். அவரும் அருண் மாதிரி ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் போடுகிறவர், அவரும் பள்ளி ஆசிரியர். சவுத்போர்ட், மோர்கம் மாதிரி சின்ன கிளப்புகளில் கோல் போட்டே பேர் வாங்கியவர். 1999-ல் அந்த ஊர்க் கிளப் ஆக்ரிங்டன் ஸ்டான்லிக்கு மேனேஜராக வந்தார்.

திவ்யா அக்கா: மாமா, சனிக்கிழமை காதுகுத்துக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்.

சேகர் மாமா: நாங்கள் நாலு பேர். இரும்மா, முடித்துவிடுகிறேன். அந்தக் கிளப் 1962-ல் கடன் தாங்காமல் பாதி சீசனில் ஃபுட்பால் லீக்கை, அதாவது இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் ஆடும் போட்டியை, விட்டே போனது. கோல்மன் பிறந்ததும் அதே வருஷம். அப்புறம் கிளப்பே மூடி, 1968-ல் புதிதாக ஆரம்பித்தார்கள். கோல்மன் அதை மூன்று தடவை மேல் பிரிவுக்கு ஏற்றி, 2006-ல் மறுபடி லீக்குக்குள் கொண்டுவந்தார். 44 வருஷம்! 1962-ல் இவர்கள் இடத்துக்கு வந்த ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட், அதே 2006-ல் லீக்கை விட்டு இறங்கியது.

சித்தி: அட

பெரியப்பா: ஏழு வருஷம். அதுவரை வீட்டு வாடகை?

சேகர் மாமா: அதைத்தான் சொல்ல வருகிறேன் அத்தான். பகலில் வேறு வேலை, சாயங்காலம் பயிற்சி என்று தொடங்கிய கிளப் அது. வேலையை விட்டுவிட்டு யாரும் இதில் குதிக்க வேண்டாம்.

பெரியப்பா: மதுரையில் பேங்க் வேலையை விட்டுவிட்டுக் குதித்தவர் சொல்கிறார்.

சித்தி: மறுபடி ஆரம்பிக்காதீர்கள்

அருண்: அப்பா, வேலையை விடுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. செவ்வாய், வியாழன் சாயங்காலம் பயிற்சி. சனிக்கிழமை மேட்ச். அவ்வளவுதான்.

திவ்யா அக்கா: சனிக்கிழமையா?

திவ்யா அக்கா: டேய், நீதான் தாய்மாமன். உன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

அருண்: மேட்ச் 3 மணிக்கு அக்கா

பெரியம்மா: நல்ல நேரம் காலையிலேயே முடிகிறது

சேகர் மாமா: அருண், ஒன்று மட்டும் கேட்டுக்கொள். ஆக்ரிங்டனின் 2016 சீசன் கடைசி மேட்சுக்கு நான் போயிருந்தேன். அப்போது அவர்கள் நாலாவது பிரிவான லீக் டூவில். ஜெயித்தால் நேராக மேல் பிரிவான லீக் ஒன்று. ஸ்டீவனேஜோடு 0-0. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் ரேடியோவைக் காதோடு அழுத்தி வைத்திருந்தார். திடீரென்று கையைக் கீழே போட்டார், ஒன்றும் சொல்லவில்லை. வேறொரு மேட்சில், அதே இடத்துக்குப் போட்டி போட்ட பிரிஸ்டல் ரோவர்ஸ் 92-வது நிமிஷத்தில் கோல் போட்டிருந்தது. இரண்டு பேருக்கும் 85 புள்ளி, கோல் வித்தியாசத்தில் அவர்கள் மேலே போனார்கள். அதற்குப் பிறகும் கோல்மன் அங்கேயே இருந்தார். 2018-ல் 93 புள்ளியோடு லீக் டூ சாம்பியன். அவர்கள் ஸ்ட்ரைக்கர் பில்லி கீ 25 கோல். அந்தக் கிளப் லீக் ஒன்றுக்குப் போனது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா: இப்போதும் அவர்தானா?

சேகர் மாமா: இல்லை அத்தான். 2023-ல் கீழே இறங்கினார்கள், 2024 மார்ச்சில் அவரை அனுப்பிவிட்டார்கள். நடுவில் 2012-ல் ரோச்டேல் போய், ஒரே வருஷத்தில் அங்கேயும் வேலை போனது. 2014-ல் ஆக்ரிங்டனே திரும்பக் கூப்பிட்டது. உதவி மேனேஜர் ஜிம்மி பெல் எல்லா இடத்துக்கும் கூடவே போனார். அருண், உனக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். தனியாக ஒத்துக்கொள்ளாதே.

அருண்: சரி மாமா. அதை யோசிக்கவில்லை.

பெரியப்பா: பள்ளிக்கூடத்தில் எழுத்தில் அனுமதி வாங்கு. அப்புறம் பேசலாம்.

பெரியம்மா: அப்படியென்றால் சரி என்கிறீர்களா?

பெரியப்பா: அப்புறம் பேசலாம் என்றேன்.

சித்தி: புளியோதரை நான் கொண்டு வருகிறேன்

திவ்யா அக்கா: தோடு யார் வாங்குகிறார்கள்?

பெரியம்மா: தாய்மாமன்தான்

அருண்: வாங்கிவிட்டேன். மேட்சுக்கு 1 மணிக்குக் கிளம்ப வேண்டும், அதை மட்டும் யாராவது அப்பாவிடம் சொல்லுங்கள்.

பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

சேகர் மாமா: அத்தான், என் காரில் இடம் இருக்கிறது. மேட்ச் பார்க்க வருகிறீர்களா?

பெரியப்பா: சாப்பாடு எத்தனை மணிக்கு?