ஜேயூனிட் 5: சூட் பட்டியலைக் கையால் எழுதுவதா, டேக் போடுவதா?

கேள்வி:
ஜாவா புராஜெக்ட், மேவன் (பில்ட் கருவி) பில்ட், ஜேயூனிட் என்ற டெஸ்ட் கருவியில் சுமார் 1,400 டெஸ்ட். ஜேயூனிட் 4 காலத்து சூட் (சேர்த்து ஓட்டும் டெஸ்ட் தொகுப்பு) கிளாஸ்கள் மூன்று. ஒவ்வொன்றிலும் டெஸ்ட் கிளாஸ் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. 5-க்கு மாறும்போது இதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: சில டெஸ்ட்கள் தனியாக ஓட்டினால் பாஸ், சூட்டோடு ஓட்டினால் ஃபெயில்.

பதில் 1:
பட்டியலை விட்டுவிடுங்கள். புது கிளாஸைச் சேர்க்க மறந்தால் அது அந்த சூட்டில் ஓடவே ஓடாது. பில்ட் மட்டும் பச்சையாக இருக்கும். டேட்டாபேஸ், நெட்வொர்க் தொடும் டெஸ்ட்களுக்கு மட்டும் ‘ஸ்லோ’ டேக் (டெஸ்ட் மேல் ஒட்டும் அடையாளப் பெயர்) போடுங்கள். டேக் இல்லாததெல்லாம் வேகமானது என்று கணக்கு. மெர்ஜுக்கு முந்தைய பில்டில் ஷுர்ஃபயரின் (மேவனில் டெஸ்ட்களை ஓட்டும் பிளகின்) எக்ஸ்க்ளூடட்குரூப்ஸ் என்ற அமைப்பில் ‘ஸ்லோ’வைக் கொடுத்து விலக்குங்கள், இரவு பில்டில் எல்லாமே ஓடட்டும்.

டேக் பெயர் வெறும் ஸ்ட்ரிங்தான். ஓர் எழுத்து மாறினாலும் கம்பைலர் வாயே திறக்காது. சொந்தமாக ஓர் அனோட்டேஷன் (கோடு மேல் @ போட்டு எழுதும் குறிப்பு) செய்து, அதன் தலையில் டேக்கை ஒரே முறை எழுதிவிட்டால் பிழை கம்பைலிலேயே மாட்டும்.

பதில் 2:
சூட் கிளாஸ் கட்டாயம் வேண்டுமென்றால் ஜேயூனிட் பிளாட்ஃபார்ம் சூட் டிபெண்டென்சியை (பில்டுக்கு வேண்டிய லைப்ரரி) தனியாகச் சேர்க்க வேண்டும். அந்த கிளாஸின் பெயர் ‘டெஸ்ட்’ என்று முடியக் கூடாது. அப்படி முடிந்தால் ஷுர்ஃபயர் சூட்டையும் எடுக்கும், உள்ளே இருப்பவற்றை நேரடியாகவும் எடுக்கும்; ஒவ்வொரு டெஸ்டும் இரண்டு முறை ஓடும்.

பதில் 3:
இரண்டாவது கேள்விக்கு: முன்னால் ஓடிய ஏதோ ஒன்று குப்பையை விட்டுப் போகிறது. ஜேயூனிட் வழக்கமாக ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் புது ஆப்ஜெக்ட் உண்டாக்கும் என்பதால் சாதாரண ஃபீல்டு மேல் சந்தேகம் வேண்டாம். ஸ்டாட்டிக் ஃபீல்டு (எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவானது), சிங்கிள்டன் (புரோகிராம் முழுக்க ஒரே ஆப்ஜெக்ட்), சிஸ்டம் பிராப்பர்ட்டி, டீஃபால்ட் டைம்சோன், இந்த நான்கையும் முதலில் பாருங்கள். மாற்றியதை ஆஃப்டர்ஈச் மெத்தடில் (ஒவ்வொரு டெஸ்டுக்கும் பின் ஓடுவது) பழைய மதிப்புக்குத் திருப்புங்கள். டெஸ்டின் கடைசி வரியில் திருப்பினால் போதாது, நடுவில் அசர்ஷன் (முடிவைச் சரிபார்க்கும் வரி) விழுந்தால் அந்த வரிக்குப் போகவே போகாது.

குற்றவாளியைப் பிடிக்க: விழும் டெஸ்டுக்கு முன் ஓடும் கிளாஸ்களில் பாதியை நீக்கி ஓட்டுங்கள். இன்னும் விழுந்தால் மிச்சமுள்ள பாதியில்தான் ஆள் இருக்கிறது. 64 கிளாஸ் என்றால் ஆறு சுற்று. வரிசையை ரேண்டமாக்கி வைத்திருந்தால் சீடு எண்ணை (ரேண்டம் வரிசையைத் தீர்மானிக்கும் எண்) நிலையாகக் கொடுத்துவிட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் சுற்றுக்குச் சுற்று வரிசை மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
தனியாக ஃபெயில், சூட்டோடு பாஸ் என்றும் ஒன்று இருக்கிறதே?

பதில் 3:
அது தனக்கு வேண்டிய டேட்டாவை இன்னொரு டெஸ்ட் போட்டுவைக்கும் என்று நம்பியிருக்கிறது. அந்த செட்டப்பை அதன் பிஃபோர்ஈச் (ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும்) மெத்தடுக்கே கொண்டுவாருங்கள்.