தோள்ல ஒட்டின பேட்ச்சும் ராத்திரி குடுத்த ஒத்தடமும்

சத்துவாச்சாரி பையன்:
ஃபென்டனில் பேட்ச், தோல்ல ஒட்டற கடுமையான வலிக்கான மருந்து. வீட்ல வெச்சிருந்தவங்களுக்கு நான் விளக்க வேணாம். நைனாவுக்குப் புத்துநோய் எலும்பு வரைக்கும் பரவிடுச்சு, மாத்திரை முழுங்க முடியல. 25 மைக்ரோகிராம் பேட்ச், மூணு நாளைக்கு ஒண்ணு. ஒட்டின உடனே வலி போகாது, அரை நாள் ஒரு நாள் ஆகும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. ரெண்டு வாரம் நல்லாத்தான் போச்சு.

மார்கழி மாசம். ராத்திரி தோள் கடுக்குதுன்னார். அம்மா கல்லுப்பு வறுத்து, பழைய வேட்டித் துணியில முடிஞ்சு ஒத்தடம் குடுத்தாங்க. பேட்ச் அதே தோளுக்குக் கீழ இருந்துச்சு. அம்மா அத விட்டு ஒதுங்கித்தான் வெச்சாங்க. "அதும்மேலயே வைம்மா, சூடு பட்டா மருந்து நல்லா எறங்கும்"னு சொன்னது நான். எறங்கிச்சு.

காலைல அஞ்சரைக்கு எழுந்தா நைனாகிட்ட ஒரு குறட்டை. இழுத்து, நடுவுல நின்னுபோய், மறுபடி இழுத்து. இமையத் தூக்கிப் பார்த்தேன், கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கி இருக்கு. பேட்ச்சப் பிச்சு எறிஞ்சேன். எறிஞ்சாச்சு, இனி தெளிஞ்சிடுவார்னு பக்கத்துலயே குந்தினு இருந்தேன் பாருங்க, அரை மணி நேரம். அது இன்னும் என்னத் தூங்க விடல. ஆஸ்பத்திரில ஊசி போட்டதும் முழிச்சு "இன்னாடா"ன்னார். கொஞ்ச நேரத்துல திரும்பச் சொக்கிட்டார். மறுபடி ஊசி. பேட்ச் எடுத்தாலும் தோலுக்குள்ள தேங்கின மருந்து ரத்தத்துக்குக் கசிஞ்சினேதான் இருக்கும், பாதியா குறையவே 17 மணி நேரத்துக்கு மேல ஆகும்னு அப்பத்தான் டாக்டரம்மா சொன்னாங்க.

மூணாவது மருமக, ஆம்பூர்:
எங்க மாமியாருக்கு மறதி நோய். ரிவாஸ்டிக்மின் பேட்ச், 4.6, தினம் ஒண்ணு. நாங்க மூணு மருமகளுங்க, பத்துப் பத்து நாள் முறை. ரெண்டு நாளா வாந்தி, சோத்தத் தொடல, நாடி மெதுவாயிடுச்சு. சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கலாம்னு ரவிக்கைய அவுத்தா முதுகுல மூணு. ஒரு ரூபா காசு அளவு, தோல் கலர்லயே இருக்கறதால கண்ணுக்கே தெரியல. பழசுல மருந்து தீர்ந்திருக்கும்னு நெனச்சுடாதீங்க. உள்ள 9 மில்லிகிராம் இருக்கும், ஒரு நாள்ல எறங்கறதுதான் 4.6. பழசுலயும் பாதி மிச்சம்.

நான் எடுத்துட்டுத்தான் புதுசு ஒட்டினேன்னு மூத்த ஓரகத்தி இன்னைக்கும் சத்தியம் பண்றாங்க. பொங்கலுக்குக்கூடப் பேசிக்கல. மூணுல ஒண்ணு நான் ஒட்டினதுதான், அத அவங்ககிட்ட இன்னும் சொல்லல.

பாலாறு 72:
முதல்ல எழுதின தம்பிக்கு. ஒத்தடத்தால எல்லாம் அப்படி ஆகாதுப்பா, டோஸ் ஜாஸ்தி குடுத்திருப்பாங்க. நான் முட்டிக்கு பிளாஸ்திரி ஒட்டி அதும்மேல வெந்நீர் பையும் வெச்சுனு பத்து வருஷமா நடமாடறேன். தோலு இன்னா சல்லடையா? சனிக்கிழமை சனிக்கிழமை தேய்ச்ச நல்லெண்ணெய் எல்லாம் உள்ள போயிருந்தா நான் இந்நேரம் செக்கா இருக்கணும்.

குடியாத்தம் பொண்ணு:
அண்ணா, பீடி சுத்தற வீட்ல வந்து கேளுங்க. எனக்குப் பதினாலு வயசுல முதல் நாள் முறத்த மடியில வெச்சதும் வேர்த்த கையோட தூளுல அளைஞ்சினே இருந்தேன். மத்தியானம் தலை சுத்தி வாசல்ல வாந்தி. "புகையில ஏறிடுச்சு, பழகிடும்"னாங்க அம்மா. மூக்கு வழியாவும் போயிருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா நிகோடின் தோல் வழியா உள்ள போறதாலதான சிகரெட் விடறதுக்கு அதுலயே பேட்ச் விக்கறாங்க?

ராணிப்பேட்டை மருந்துக்கடை (ஓய்வு):
பாலாறு சார், முட்டிப் பிளாஸ்திரி ஒட்டின இடத்தில் மட்டும் வேலை செய்வதற்காகத் தயாரித்தது. இவர்கள் சொல்லும் பேட்ச் தோலை வாசலாக வைத்து ரத்தத்துக்குப் போவது. தோலின் மேலடுக்கு செத்த செல்களைச் செங்கலாக அடுக்கி, நடுவில் கொழுப்பைச் சாந்தாகப் பூசிய சுவர். கனம் 10 முதல் 20 மைக்ரான்தான், ஆனால் கெட்டி. அந்தச் சாந்துக்குள் நுழைய மூலக்கூறு ஏறக்குறைய 500 டால்டனுக்குள் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு) இருக்கவேண்டும், கொழுப்பிலும் கரையவேண்டும். நிகோடின் 162, ஃபென்டனில் 336, நுழைந்துவிடும். உங்கள் நல்லெண்ணெய் 800க்கு மேல். இன்சுலின் 5800, அதனால்தான் இன்னும் ஊசி. வயிறும் கல்லீரலும் நடுவில் வராததால் கொஞ்சம் மருந்தே போதும். சூடு பட்டால் தோலில் ரத்த ஓட்டம் கூடி வேகமாக இழுக்கும். உடம்புச் சூடு 40 டிகிரி ஆனாலே ஃபென்டனில் மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்பது கணக்கு. தம்பி சொன்னது நடக்கக்கூடியதே.

இதோடு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். காசு மிச்சம் என்று பேட்ச்சைக் கத்தரியால் வெட்டாதீர்கள், மருந்து பையாக உள்ளே இருக்கும் ரகத்தில் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் பேட்ச்சை தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவைக்கவேண்டும், இல்லாவிட்டால் உடம்பு பழகி மருந்து பலிக்காது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் முன்பே சொல்லுங்கள், சிலவற்றின் முதுகில் அலுமினியம் உண்டு, தோலைச் சுட்டுவிடும். முடியைச் சிரைக்காமல் கத்தரித்துவிட்டு ஒட்டுங்கள். 1979ல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது காதுக்குப் பின்னால் ஒட்டும் பயண வாந்திப் பேட்ச்.

என் அனுபவம்: ஒருவர் இதயத்துக்கு நேராகத்தான் ஒட்டுவேன் என்று கடை வாசலிலேயே சட்டையைக் கழற்றினார். மற்றபடி ஒன்றும் இல்லை.

பாலாறு 72:
ஏலகிரி 14 வளைவுக்கு அந்தக் காது பேட்ச் இங்க கெடைக்குமா சார்?

சத்துவாச்சாரி பையன்:
சார், எம்.ஆர்.ஐ. எல்லாம் நான் கேக்கல. "நடக்கக்கூடியதே"ன்னீங்களே, அந்த ஒரு வார்த்தை போதும். ஒன்றரை வருஷமா யாரும் சொல்லல. நைனா அதுக்கப்புறம் மூணு மாசம் இருந்தார். மிச்ச ரெண்டு பேட்ச் கவர் பிரிக்காம பீரோல அவர் வேட்டிக்கடியில இருக்கு. அம்மா தூக்கிப் போட விடமாட்றாங்க.

மூணாவது மருமக, ஆம்பூர்:
வீட்ல குழந்தைங்க யாராச்சும்?

சத்துவாச்சாரி பையன்:
அக்கா பொண்ணு. மூணு வயசு. கையில கெடைச்ச ஸ்டிக்கர எல்லாம் நெத்தியில ஒட்டிக்கும்.

மூணாவது மருமக, ஆம்பூர்:
குடுத்த ஆஸ்பத்திரிலயே திருப்பிக் குடுத்துடு தம்பி. நாளைக்கே.

சத்துவாச்சாரி பையன்:
அம்மா தூங்கட்டும்கா. எடுத்துடறேன்.